லேப்டாப் ஹேங் ஆகிக்கொண்டே இருந்த ஏழு வாரங்கள்

முதல் தடவை நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஒரு புத்தகத்தின் பக்க வடிவமைப்பைப் பாதி முடித்திருந்தேன். காலையிலிருந்து மேசையிலேயே உட்கார்ந்து முதுகு வலித்ததால், சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிடிஎஃப் ஒன்றைத் திறந்து மூன்றாவது பக்கத்துக்கு நகர்த்தும்போது திரை அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அம்பு அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டின் அரை நொடித் துண்டு மட்டும் ‘ட்ர்ர்ர்’ என்று விடாமல் இரைந்துகொண்டிருந்தது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க முடிந்தது. திரும்ப ஆன் செய்ததும் எதுவுமே நடக்காததுபோல் ஓடியது. சரி, எப்போதாவது இப்படி ஆவதுதான் என்று விட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு தடவை நின்றது. வாரம் முடிவதற்குள் எத்தனை தடவை என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். எண்ணியிருக்க வேண்டும், எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய எனக்கு ஏழு வாரம் பிடித்தது. தேவையே இல்லாமல் இரண்டு பாகங்களை வாங்கினேன். எட்டு நாள் லேப்டாப் இல்லாமல் இருந்தேன். கையில் இருந்த ஒரு வேலை போனது. கடைசியில் பார்த்தால் எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. லேப்டாப்புக்குள் திரைக்கான படத்தை வரையும் சிப்கள், அதாவது கிராஃபிக்ஸ், இரண்டு இருக்கின்றன; அந்த இரண்டுக்கும் நடுவே தானாக நடக்கும் மாற்றத்தில்தான் கோளாறு இருந்தது. இப்படி ஒன்று உண்டு என்று முதல் வாரத்தில் யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் லேப்டாப்பும் இப்படி நின்றுகொண்டிருந்தால், கையில் இருக்கும் பணத்தைச் செலவு செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எல்லாரும் முதலில் சந்தேகிப்பது சூட்டைத்தான். நானும் அப்படித்தான். இரண்டு வருடம் ஓடிய லேப்டாப், உள்ளே தூசி அடைத்திருக்கும் என்று நினைத்தேன். பின்மூடியைத் திறந்து ஃபேனைச் சுத்தம் செய்து, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் புதிதாக வைக்கச் சொன்னேன். சூடு குறைந்தது உண்மைதான், ஆனால் நிற்பது குறையவில்லை. சூட்டைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன மென்பொருளையும் போட்டு, வெப்பநிலை எண்ணைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். அது திறந்திருந்த ஒன்றரை நாளும் லேப்டாப் ஒரு தடவைகூட நிற்கவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்து அந்த மென்பொருளை மூடினேன். அன்று இரவே நின்றது. எனக்குக் கிடைத்த முதல் துப்பு அது. ஆனால் எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை.

அடுத்து ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் பிழை பூஜ்யம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமயத்தில் தூக்கம் கெட்டு, எதையாவது மாற்றினால் போதும் என்ற மனநிலைக்கு வந்திருந்தேன். சோதனை நன்றாக வந்த பிறகும் புது ரேம் வாங்கிப் போட்டேன். அதுவும் பலிக்காததால் நான்கு நாள் கழித்து, கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியையும் மாற்றினேன். பழைய எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ‘குட்’ என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பாகம் நன்றாக இருக்கிறது என்று சோதனை சொல்லும்போது அதை நம்புங்கள். நான் நம்பாததற்குக் காரணம் பயம் மட்டும்தான். பயத்தில் வாங்கிய இரண்டு பாகங்களும் ஒரு மாத வருமானத்தில் பெரிய பங்கைத் தின்றுவிட்டன.

மூன்றாவது வாரம் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதற்கே போனது. எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு, வடிவமைப்பு மென்பொருளின் சொந்த அமைப்புகள் என்று எல்லாவற்றையும் திரும்ப ஒவ்வொன்றாக வைக்க வேண்டியிருந்தது. நிலுவையில் இருந்த வேலையை முதலில் முடித்துவிடலாம் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லேப்டாப் தங்கமாக ஓடியது. செவ்வாய் இரவு படுக்கப் போகும்போது அப்டேட்டை அனுமதித்துவிட்டுப் படுத்தேன். புதன் மத்தியானம் நின்றுவிட்டது. அன்று நான் உட்கார்ந்து அழுதேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அழுது முடித்த பிறகாவது யோசித்திருக்க வேண்டும்: அந்த இரண்டு நாள் ஏன் நன்றாக ஓடியது? செவ்வாய் இரவு புதிதாக உள்ளே வந்தது எது? விண்டோஸ் போட்ட முதல் இரண்டு நாளும் தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதற்கான டிரைவரே, அதாவது அதை இயக்கும் மென்பொருளே, இல்லை. அப்டேட்தான் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டாவது துப்பும் கைக்கு வந்து நழுவிப்போனது இப்படித்தான். விண்டோஸைப் புதிதாகப் போடுகிறவர்கள் தயவுசெய்து எல்லா டிரைவரையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். ஒன்று போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது.

நான்காவது வாரம் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். எட்டு நாள் வைத்திருந்தார்கள். “மேடம், மூணு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டிப் பார்த்துட்டோம், ஒரு தடவைகூட நிக்கல. ஆனா லாக்ல பவர் எர்ரர் நிறைய இருக்கு. போர்டு மாத்திடுறதுதான் நல்லது” என்றார் அங்கிருந்தவர். மதர்போர்டு மாற்றுவதற்கு அவர் சொன்ன தொகை பாதி லேப்டாப் விலை. யோசித்துச் சொல்கிறேன் என்று, பார்த்ததற்கான கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, அன்று என்னிடம் அவ்வளவு பணம் இல்லை.

அவர் சொன்ன ‘பவர் எர்ரர்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தவறான வழியில் போகிறார்கள். கணினியில் நடந்ததைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று விண்டோஸில் இருக்கிறது. அதில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு சிவப்பாகத் தெரியும். பெயரில் பவர் இருப்பதால் பேட்டரியோ சார்ஜரோ போர்டோ கெட்டுவிட்டது என்று படிக்கத் தோன்றும். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘போன தடவை கணினி முறையாக அணைக்கப்படவில்லை.’ நாம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அடுத்த தடவை ஆன் ஆகும்போது 41 பதிவாகும். நான் அழுத்திய ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு 41 அங்கே இருந்தது. அது நான் செய்ததன் விளைவு. காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அதே பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட 41-களுக்கு நடுவில் 4101 என்ற எண் மூன்று இடத்தில் இருந்தது. ‘டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தியது, மீண்டும் வந்தது’ என்பது அதன் பொருள். மூன்றுமே மஞ்சள் நிற எச்சரிக்கைகள். சிவப்பை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அவை தப்பிவிடும். ஈவென்ட் வியூவர் குழப்பமாக இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடி ரிலையபிலிட்டி ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். நாள்வாரியாக வரைபடமாகக் காட்டும். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எந்த நாளிலிருந்து சிவப்புப் புள்ளி தொடங்குகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அந்த மூன்று மஞ்சள் வரிகளைப் பார்த்த அன்று ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, மணி, சார்ஜர் இருந்ததா, வெளி மானிட்டர் இணைந்திருந்ததா, நிற்பதற்கு முந்தின நிமிடம் என்ன திறந்தேன் அல்லது மூடினேன். ஐந்து பத்தி, அவ்வளவுதான். பன்னிரண்டு நாளில் 19 பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் 18 பேட்டரியில் ஓடும்போது. சார்ஜர் போட்டிருக்கும்போது நின்றது ஒரே ஒரு தடவை, அதுவும் ஸ்லீப்பிலிருந்து எழுப்பிய உடனே. வெளி மானிட்டர் இணைந்திருந்தபோது நின்றது பூஜ்யம். கடைசிப் பத்தியைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிடிஎஃப் திறந்தேன், பிரவுசரில் வீடியோ மூடினேன், படம் திருத்தும் மென்பொருளை மூடினேன், பிரவுசர் திறந்தேன், மறுபடி பிடிஎஃப். ஒன்றுகூட ‘கனமான வேலை ஓடிக்கொண்டிருந்தது’ என்று இல்லை. இரண்டு மணி நேரம் வீடியோ ஏற்றுமதி செய்தாலும் நிற்காத லேப்டாப், ஒரு பிடிஎஃப் திறக்கும் கணத்தில் நிற்கிறது. திறக்கும்போது அல்லது மூடும்போது, எப்போதும் அந்த ஒரு கணத்தில். இதை நான் முதல் வாரமே எழுதத் தொடங்கியிருந்தால் இரண்டாவது வாரத்தில் கண்டுபிடித்திருப்பேன். சர்வீஸ் சென்டரில் நிற்காததற்கும் காரணம் புரிந்தது: அங்கே சார்ஜரில் போட்டு, கார்டுக்கு இடைவிடாமல் வேலை கொடுத்துச் சோதித்தார்கள். என் லேப்டாப் நிற்கும் சூழ்நிலையே அங்கே வரவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருப்பது, மின்சாரம் கொஞ்சமாகத்தான் எடுக்கும், அன்றாட வேலைக்குப் போதும். இன்னொன்று தனி கார்டு, பலம் அதிகம், பேட்டரியை வேகமாகக் குடிக்கும். எப்போது எதைப் பயன்படுத்துவது என்பதை லேப்டாப்பே முடிவு செய்துகொள்ளும். கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2010-இல் ஆப்டிமஸ் என்ற பெயரில் இப்படித் தானாக மாறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்னொரு நிறுவனமான ஏஎம்டியில் ஸ்விட்சபிள் கிராஃபிக்ஸ் என்பார்கள். இந்த ஏற்பாட்டில் திரையின் கம்பி பெரும்பாலும் உள் கிராஃபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். தனி கார்டு படத்தை வரைந்து உள் கிராஃபிக்ஸிடம் கொடுக்கும், அது திரைக்கு அனுப்பும். தனி கார்டுக்கு வேலை இல்லை என்றால் அதற்குப் போகும் மின்சாரத்தையே முழுதாகத் துண்டித்துவிடும். ஏதோ ஒரு மென்பொருள் கேட்டதும் மறுபடி மின்சாரம் கொடுத்து எழுப்பும். ஒரு நாளில் இது நமக்குத் தெரியாமலே எத்தனையோ தடவை நடக்கிறது. எழுப்புவதில் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), விண்டோஸ், கார்டின் டிரைவர் மூன்றும் சொல் மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினால் கார்டு எழாது. கார்டு பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் வழக்கமாக 2 நொடி காத்திருந்துவிட்டு டிரைவரை மறுபடி துவக்கிப் பார்க்கும். அது பலித்தால் திரை ஒரு கணம் கறுத்து மீண்டு வரும், 4101 பதிவாகும். பலிக்காவிட்டால் நீலத் திரை வரலாம், அல்லது என்னுடையதைப்போல மொத்தமும் உறைந்து, எதையும் பதிவு செய்யக்கூட வழியில்லாமல் போகலாம்.

இது தெரிந்ததும் பழைய துப்புகள் எல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்தன. என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை தனி கார்டோடு இணைந்தது. வெளி மானிட்டர் செருகியிருக்கும்வரை கார்டு தூங்கவே முடியாது. தூங்காத கார்டை எழுப்ப வேண்டியதில்லை, அதனால் நிற்பதும் இல்லை. வெப்பநிலை பார்க்கும் மென்பொருள் ஒவ்வொரு நொடியும் கார்டிடம் சூட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தது, அதுவும் கார்டைத் தூங்கவிடவில்லை. விண்டோஸ் புதிதாகப் போட்ட இரண்டு நாளில் டிரைவர் இல்லாததால் மாற்றமே நடக்கவில்லை.

ஆனாலும் ஊகத்தை வைத்து இன்னொரு தடவை செலவு செய்ய நான் தயாராக இல்லை. நிரூபித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதற்குக் கீழே இரண்டு பெயர் இருந்தன. தனி கார்டின் பெயரை வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்தேன். இதற்குப் பணமும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எனேபிள் செய்துகொள்ளலாம். ஐந்து நாள், பேட்டரியில் மட்டும், வேண்டுமென்றே பிடிஎஃப்களையும் வீடியோக்களையும் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆறாம் நாள் எனேபிள் செய்தேன். நாற்பது நிமிடத்தில் நின்றது. லேப்டாப் உறைந்து நின்றதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப் நிற்கிறது என்றால், எதையும் வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: இதையே நிரந்தர வைத்தியமாக வைத்துக்கொள்ள வேண்டாம். என் லேப்டாப்பில் டிஸேபிள் செய்த நாட்களில் பேட்டரி வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது. கார்டைத் தூங்கவைப்பதே டிரைவர்தான் என்பதால், டிரைவர் இல்லாதபோது கார்டு சும்மாவே மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கலாம்.

அப்புறம் வைத்தியம். இந்தத் தடவை ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றிய பின் மூன்று நாள் காத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டேன். முதலில் பயாஸ் அப்டேட். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் என் மாடல் எண்ணைப் போட்டுத் தேடியபோது, நான் வாங்கிய பிறகு மூன்று புதிய பயாஸ் வந்திருந்தது தெரிந்தது. அதில் ஒன்றின் குறிப்பில் கிராஃபிக்ஸ் நிலைத்தன்மை என்று இரண்டே வார்த்தை போட்டிருந்தார்கள். சார்ஜரைச் செருகி, எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓடவிட்டேன். முடிந்து மறுபடி துவங்கும்போது நீல நிறத் திரையில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணைக் கேட்டது, 48 இலக்கம். அப்படி ஒரு எண் என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. என் வேலை அத்தனையும் உள்ளே பூட்டிக்கிடக்கிறது, சாவி எங்கே என்று தெரியவில்லை. அந்த இருபது நிமிடத்தை மறக்க மாட்டேன். கடைசியில் போனில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பார்த்தபோது எண் அங்கே சேமிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். பயாஸ் அப்டேட் செய்யப் போகிறவர்கள் முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், அந்த எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பயாஸ் மாற்றிய பிறகு நிற்பது குறைந்தது, ஆனால் மூன்றாம் நாள் ஒரு தடவை நின்றது. அடுத்தது டிரைவர். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கார்டு தயாரிக்கும் நிறுவனம் தரும் மிகப் புதிய டிரைவர் ஒன்று, விண்டோஸ் அப்டேட் கொண்டுவருவது ஒன்று, லேப்டாப் நிறுவனம் அந்த மாடலுக்கென்று சோதித்துத் தருவது ஒன்று. மூன்றும் வேறு வேறு பதிப்பாக இருக்கலாம். என்னிடம் இருந்தது விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்தது. புதியதுதானே நல்லது என்று நினைத்திருந்தேன். தானாக மாறும் ஏற்பாடு லேப்டாப்புக்கு லேப்டாப் வேறுபடுகிறது. அதனால் இந்தக் கோளாறுக்கு லேப்டாப் நிறுவனத்தின் டிரைவரைத்தான் முதலில் முயல வேண்டும், தேதி பழையதாக இருந்தாலும் சரி. இரண்டு கிராஃபிக்ஸுக்குமான டிரைவர்களையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்தேன். அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் போய் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் பழையதைச் சுத்தமாகத் துடைத்தேன். இணையத்தைத் துண்டிக்காவிட்டால், துடைத்த பிறகு நாம் புது டிரைவரைப் போடும் முன்னாலேயே விண்டோஸ் அப்டேட் பழையபடி தன் டிரைவரைக் கொண்டுவந்துவிடலாம். அப்புறம் உள் கிராஃபிக்ஸின் டிரைவர், ரீஸ்டார்ட், அதன் பிறகு தனி கார்டின் டிரைவர், மறுபடி ரீஸ்டார்ட்.

அதோடு ஹேங் ஆவது ஓய்ந்தது. பேட்டரியில் ஓடும்போது அதன் பிறகு ஒரு தடவைகூட உறையவில்லை. ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போது மட்டும் ஒரு தடவை திரை கறுத்து மீண்டது. அதற்காக பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதன் கீழே இருக்கும் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்தேன். பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும், எனக்குப் பரவாயில்லை. சில லேப்டாப்களில் இந்த வரி தெரியாது, தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் செய்தேன், இது எல்லாருக்கும் பயன்படும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று உள்ளே போனால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எந்த கிராஃபிக்ஸ் என்று நாமே சொல்லிவிடலாம். பிரவுசர், பிடிஎஃப், அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் பவர் சேவிங் என்று வைத்தேன். வீடியோ, படம் திருத்தும் மென்பொருள் இரண்டை மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்தேன். மாற்றம் நடக்கும் தடவைகளே வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரு பிடிஎஃப் திறக்க அவ்வளவு பெரிய கார்டை எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. எது கார்டை எழுப்புகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஜிபியு என்ஜின் என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் (ஜிபியு என்பது கிராஃபிக்ஸ் சிப்). எந்த மென்பொருள் ஜிபியு 0, எது ஜிபியு 1 என்று காட்டும். என் லேப்டாப்போடு வந்த ஒரு உதவிக் கருவியே சும்மாவே அடிக்கடி தனி கார்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டேன்.

சில லேப்டாப்களின் பயாஸில் ஹைபிரிட், டிஸ்க்ரீட் என்று தேர்வு இருக்கும். டிஸ்க்ரீட் வைத்தால் திரை நேரடியாகத் தனி கார்டோடு இணையும், மாற்றமே இருக்காது, பேட்டரி சீக்கிரம் தீரும். எப்போதும் மேசையில் சார்ஜரோடு வேலை செய்பவர்களுக்கு அதுவே சுலபமான வழி. லினக்ஸில், உபுண்டுவில் என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு பிரைம் செலக்ட் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள பழைய மேக்புக் ப்ரோவில் எனர்ஜி சேவர் பகுதியில் (பிந்தைய மேக்ஓஎஸ் பதிப்புகளில் பேட்டரி பகுதியில்) ‘ஆட்டோமேட்டிக் கிராஃபிக்ஸ் ஸ்விட்சிங்’ என்ற பெட்டியில் டிக்கை எடுத்தால் போதும்.

லேப்டாப் நிற்கும் அந்தக் கணத்திலேயே செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கிறது, இது தெரியாமல் நான் நிறைய இழந்தேன். உடனே பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் சின்ன விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரைதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி துவக்கும். ஒரு பீப் சத்தம், திரை ஒரு முறை மின்னும், அதிர்ஷ்டம் இருந்தால் வேலை அப்படியே திரும்பி வரும். எனக்கு இரண்டு தடவை வந்தது. விளக்கு அசையவே இல்லை என்றால் பவர் பட்டன் தவிர வேறு வழி இல்லை. இதெல்லாம் தெரியாத இரண்டாவது வாரத்தில், ஒரு நூலின் பின்னிணைப்பில் வரும் பெயர்ச் சுட்டியை, 46 பக்கம், சேமித்துக்கொண்டிருந்த கணத்தில் பட்டனை அழுத்திவிட்டேன். கோப்பு திறக்கவே இல்லை. மூன்று நாள் வேலை. அதை மறுபடி செய்ய நேரம் கேட்டபோது பதிப்பாசிரியர் முதல் தடவை “பரவாயில்ல, பார்த்து முடிச்சுக் குடுங்க” என்றார். இரண்டாவது தடவை கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நூலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கும் அச்சகத்துக்குக் கொடுத்த தேதி இருந்தது. ஆனால் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போன பணத்தைவிட அதுதான் இன்னும் வலிக்கிறது. இப்போது தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஒரு நிமிடமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் இன்னொரு பெயரில் ஒரு பிரதி வெளி டிஸ்க்கில் போகிறது.

இப்போதைக்குக் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: விண்டோஸ் அப்டேட் மறுபடி தன் டிரைவரைக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்வது. விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் அப்டேட்டோடு டிரைவர்கள் வேண்டாம் என்று வைத்துவிடலாம். என்னுடையது ஹோம் பதிப்பு. அப்டேட் ஒரு தடவை டிரைவரை மாற்றியும் விட்டது. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பெயரைத் திறந்து, டிரைவர் பகுதியில் ரோல் பேக் டிரைவர் கொடுத்ததும் பழையதுக்குத் திரும்பியது. அதற்காகவே அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், 19 பதிவுகளுக்குக் கீழே, சரியாக ஓடும் இரண்டு டிரைவர்களின் பதிப்பு எண்ணையும் பயாஸ் எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். அப்டேட் வந்த மறுநாள் காலை வேலையைத் தொடங்கும் முன் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன்.